பட்டம் பெறாத தொண்டர்கள்: நெல்லைச் சீமை ஆங்கிலிக்கன் சபையின் வழிபாடும் பாட்டும்

கிறித்தவர் ஆற்றிய தமிழ்த்தொண்டு என்று பேச்சு எழும்போதெல்லாம், நம் வட்டத்துக் கூட்டங்களிலும் சரி, ஏனைய மேடைகளிலும் சரி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகிய மூவர் பெயரையும் வரிசையாகச் சொல்லி அமர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மூவரும் போற்றுதற்குரியவர்களே. ஆயினும் மூவரும் கடல்கடந்து வந்தவர்கள். மூவரும் குருப்பட்டம் பெற்றவர்கள். அவர்கள் காலத்திலும் அவர்களுக்கு முன்னும் பின்னும், பட்டமும் அங்கியும் இன்றிச் சபையைத் தாங்கி நின்ற தமிழ் மக்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. பாடியவர்கள், ஜெபம் வாசித்தவர்கள், பிடியரிசி எடுத்து வைத்தவர்கள் ஆகியோரைப் பற்றி, நெல்லைச் சீமையின் ஆங்கிலிக்கன் திருச்சபையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இம்மலரில் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவர்களுள் கவிஞர்களும் இருந்தனர் என்பதால் நம் வட்டத்தார்க்கு இது அயலான செய்தியன்று.

ஆங்கிலிக்கன் சபை எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பைச் சற்றே அறிந்துகொண்டால்தான் பின்வருவன விளங்கும். அச்சபையில் வழிபாடு என்பது அச்சிட்ட ஜெபப் புத்தகத்தின்படி நடப்பது. காலை ஜெபம், மாலை ஜெபம், நற்கருணை என ஒவ்வொன்றுக்கும் வகுத்த சொற்கள் உண்டு. குருவானவர் சொல்ல வேண்டியது இன்னது, சபையார் மறுமொழியாகச் சொல்ல வேண்டியது இன்னது என்று வரையறுக்கப்பட்டிருக்கும். நற்கருணை கொடுத்தல், பாவமன்னிப்பை அறிவித்தல், ஆசி கூறுதல் ஆகியன குருவானவர்க்கே உரியன. குருவானவர்க்குப் பட்டம் அளிக்கும் உரிமையோ ஆயர் ஒருவர்க்கே உண்டு. இவ்வளவு இறுக்கமான ஒழுங்கில் பட்டம் பெறாதவர்க்கு எஞ்சியது யாது என்று கேட்கத் தோன்றும். ஜெபத்தை வாசிக்கலாம், பாடலாம், கற்பிக்கலாம், கொடுக்கலாம். எஞ்சிய இந்த நான்கே நெல்லையில் ஒரு சமுதாயத்தை உருவாக்கப் போதுமானவையாக இருந்தன.

தொடக்கமே ஒரு பெண்மணியிடமிருந்துதான். தஞ்சையைச் சேர்ந்த மராட்டிய அந்தணக் கைம்பெண் ஒருவர், ஆங்கிலேயப் படையதிகாரி ஒருவருடன் வாழ்ந்து பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தவர், அவ்வதிகாரி இறந்தபின் 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் நாற்பது. 1785இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை ஊரார் இன்றும் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே அழைக்கின்றனர். ஞானஸ்நானப் பெயரை விட்டுவிட்டுப் பிறந்த சாதியின் பெயரால் ஊர் நினைவுகொள்வது வியப்புத்தான்; மக்கள் வழக்கு யாரைக் கேட்டுக்கொண்டு நடக்கிறது! அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் இவ்வம்மையாரின் கதையே என்பதை நண்பர்கள் பலர் அறிவர்.

அச்சிறு கூட்டத்துக்கு வழிகாட்ட அனுப்பப்பட்டவர் சத்தியநாதன் என்னும் உபதேசியார். அவர் குருப்பட்டம் பெற்றது 1790இல். அதற்கு முன்பு சில ஆண்டுகள் பட்டமின்றியே சபையை நடத்தினார். அந்நாளில் குருமார் லுத்தரன் மரபினர். அவர்களை ஆதரித்த சங்கமோ இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தது. 1820இல் இரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த பின்னரும் இக்கலப்பு நிலை நீடித்தது. இங்கிலாந்தில், பட்டம் பெறாத ஒருவர் ஆலயத்தில் நின்று ஜெபம் வாசிக்கும் 'வாசகர்' பணி 1866இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. நெல்லையிலோ அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே உபதேசியார்தாம் சபையின் முதுகெலும்பு. தாய்ச்சபை பின்னால் வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

உபதேசியாரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். தேரிமணலும் பனைமரமும் சூழ்ந்த சிற்றூர். பனையேற்றுக் காலத்தில் ஆடவர் விடியுமுன்பே மரத்தடிக்குப் போய்விடுவர். மாலையிலும் ஒருமுறை ஏறவேண்டும். பெண்டிர்க்குப் பதநீர் காய்ச்சும் அடுப்பை விட்டு அசைய இயலாது. இவ்விரண்டுக்கும் இடையில் மணியடித்து அவர்களைக் கூட்ட வேண்டும். எழுத்தறியாதவர்க்குக் கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பகலில் பள்ளிக்கூடம். இடையிடையே வரப்புச் சண்டை, வட்டித் தகராறு, நோயாளி வீடு. குருவானவர் பல ஊர்களுக்குப் பொதுவானவர். அவர் வரும் நாளே நற்கருணை நாள். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபப் புத்தகத்தை வாசிப்பார். பாவமன்னிப்பு அறிவிக்கும் இடம் வந்தால் அதை விடுத்துத் தமக்கும் மன்னிப்பு வேண்டி ஒரு ஜெபத்தைச் சொல்லுவார். எழுந்து நின்று அறிவிப்பவராக அல்லாமல், சபையாரோடு முழங்காலில் நின்று வேண்டுபவராகவே அவர் இருந்தார்.

இனி, பாட்டுக்கு வருவோம்.

ஆலயத்தில் எதைப் பாடலாம் என்பது அந்நாளில் எளிய வினாவாக இல்லை. செர்மானிய மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட ஞானப்பாட்டுகள் ஏற்கெனவே வழங்கின. அவற்றின் மெட்டு ஐரோப்பியது. அந்த மெட்டுக்குத் தமிழ்ச்சொல்லை இசைக்கும்போது குறில் நெடிலாக நீள்வதும், நெடில் குறிலாகச் சுருங்குவதும், சொல்லின் நடுவே மூச்சு முறிவதும் தவிர்க்க இயலாதன. யாப்பறிந்த காதுக்கு அது எவ்வளவு வேதனை என்பதைக் கவிஞர்களாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மறுபுறம், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் நம் இராகங்களிலேயே பாடியவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). நெல்லையில் பிறந்து, சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சரபோஜி மன்னரோடு ஒருசாலை மாணாக்கராக விளங்கியவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். இறுதிவரை குருப்பட்டம் பெறாதவர்.

தஞ்சைச் சபை இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சங்கத்தின் பொறுப்புக்கு மாறிய காலத்தில், புதிதாக வந்த குருமார்க்கும் சாஸ்திரியார்க்கும் பூசல் மூண்டது. 1829ஆம் ஆண்டையொட்டி அவர் தம் குறைகளை நான்கு கொடுமைகளாகத் தொகுத்து எழுதினார். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. விழாக்களில் மலர் அணிவதை விலக்கியது ஒன்று. தமிழ்க் கீர்த்தனைகளையும் இசையையும் ஆலயத்தினின்று நீக்கியது ஒன்று. இம்மூன்றையும் படிக்கும் நாம் உடனே சாஸ்திரியார் பக்கம் சாய்ந்துவிடுவோம். நான்காவது குறையைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது: எல்லாச் சாதியாரையும் வேற்றுமையின்றி ஒன்றாக இருத்தியதும் கொடுமை என்றே அவர் கொண்டார்.

இவ்விடத்தை நம் ஆய்வாளர் பலர் விரைந்து கடந்து விடுகின்றனர். பாட்டைக் காத்தவர் என்று புகழ்வோர் நான்காவதைச் சொல்வதில்லை. சாதியைக் காத்தவர் என்று இகழ்வோர் ஏனைய மூன்றைச் சொல்வதில்லை. மரபு என்னும் ஒரே மூட்டைக்குள் பாட்டும் மலரும் சாதியும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன என்பதே உண்மை. மூட்டையை அவிழ்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை எறியலாம் என்று சாஸ்திரியாரும் எண்ணவில்லை; அவரை எதிர்த்த குருமாரும் எண்ணவில்லை. குருமார் மூட்டையையே எறிந்தார்கள். சாஸ்திரியார் தம் பணியை இழந்தார். மன்னர் சரபோஜி கைகொடுத்தார்.

ஒரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அப்போது இந்தியா முழுமைக்கும் ஆங்கிலிக்கன் ஆயராயிருந்த ஹீபர் தாமே ஒரு கவிஞர். ஆலயத்தில் பாடுவதற்கெனத் தாம் தொகுத்த பாடல் தொகுதிக்கு ஒப்புதல் தருமாறு இங்கிலாந்தில் இருந்தபோது மேலிடத்தை வேண்டினார், ஒப்புதல் கிடைக்கவில்லை. 1826ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளில் தஞ்சையில் தமிழ்ச் சபையாரோடு வழிபட்டுத் திருச்சிக்குச் சென்றவர், ஏப்ரல் 3ஆம் நாள் அங்கே குளிக்கையில் இறந்துபோனார். தொகுதி அச்சேறியது அவர் மறைந்த மறு ஆண்டில்தான். ஆக, வகுத்த சொற்களுக்கு வெளியே பாட்டை அனுமதிக்கத் தயங்கியது தமிழ்ப்பாட்டின்பால் மட்டும் காட்டிய வெறுப்பன்று. ஆயரின் ஆங்கிலப்பாட்டும் வாசலில் காத்து நின்றது.

ஆனால் பாட்டு நெடுநாள் காத்து நிற்கவில்லை. ஆங்கிலிக்கன் அல்லாத மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பார், சாஸ்திரியாரின் பாடல்களைக் கற்று, கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் வெளியிட்டார். அதன்பின் சபை வேறுபாடின்றி அவை பரவின. இன்று நெல்லையின் எந்த ஆலயத்துக்குச் சென்றாலும் பாட்டுப் புத்தகத்தில் ஞானப்பாட்டு ஒரு பகுதி, கீர்த்தனை ஒரு பகுதி; கீர்த்தனையின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். இராகப் பெயரைப் பார்த்துப் பாடத் தெரிந்தோர் குறைந்துவிட்டனர் என்பது வேறு துயரம்.

சாதி அவ்வளவு எளிதில் தீரவில்லை. நற்கருணையில் ஒரே கிண்ணத்திலிருந்து அனைவரும் பருகவேண்டும். யார் முதலில் பருகுவது, யார் பின்னர் என்ற வரிசையில் சாதி ஒளிந்து கொண்டது. 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டும் என்று கடிதம் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் உயர்சாதியினர் எனத் தம்மைக் கருதியோர் பலர் சபையை விட்டே வெளியேறினர். ஆணை பிறப்பித்தவர் ஆயர். அதனை ஏற்று ஒரே கிண்ணத்தில் பருகியவர்களோ பெயர் தெரியாத சபையார்.

நெல்லையின் தென்பகுதிச் சபைகளில் 'அசனம்' என்று ஒரு வழக்கம் உண்டு. அசனம் என்பதற்கு உணவு என்பதே பொருள். ஆலயப் பண்டிகையின்போது வீட்டுக்கு வீடு அரிசியும் ஆடும் காய்கறியும் விறகும் காணிக்கையாக வந்து குவியும்; கிடாரங்களில் சோறும் குழம்பும் கொதிக்கும்; சபையாரே சமைத்துச் சபையாரே பரிமாறி, செல்வரும் ஏழையும் தரையில் வரிசையாக அமர்ந்து உண்பர். பிழைப்புக்காக வெளியூர் சென்றவர்கள் கிறிஸ்துமசுக்கு வராவிட்டாலும் அசனத்துக்கு வந்துவிடுவர். பெரும்பாலும் ஒரே சாதியார் வாழும் ஊரில் சேர்ந்துண்பதில் என்ன புரட்சி இருக்கிறது என்று கேட்பாரும் உளர். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடன் கொடுத்தவனும் கடன்பட்டவனும், பனை உடையவனும் பனை ஏறுபவனும் ஒரே வரிசையில் ஒரே குழம்பை உண்ணுவது அந்த ஊருக்குள் சிறிய செய்தியன்று.

நிலமும் வீடும் இழந்தோர்க்கு ஊர் அமைத்துக் கொடுத்ததும் சபைத்தொண்டின் ஒரு கூறே. 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் தமிழர் முன்னின்று உருவாக்கியதனால் முதல் கிறித்தவக் குடியிருப்பு முதலூர் எனப் பெயர் பெற்றது. பின்னர் 1830இல் இரேனியஸ் ஐயர் ஏற்படுத்திய தருமசங்கம், மக்கள் காணிக்கையைக் கொண்டு நிலம் வாங்கியது. மெய்ஞ்ஞானபுரம், ஆசீர்வாதபுரம், கடாட்சபுரம், சமாதானபுரம், சுவிசேஷபுரம் என இன்று பேருந்துப் பலகையில் நாம் படிக்கும் பெயர்கள் எல்லாம் இவ்வாறு ஏற்பட்ட கிறித்தவக் குடியிருப்புகளின் பெயர்களே.

பட்டம் யார் கையால் பெறுவது என்ற வினா அந்த இரேனியசையே வீழ்த்தியது. நமக்கு அவர் 1834இல் தமிழிலக்கணம் வெளியிட்ட அறிஞர். சபை வரலாற்றிலோ கலகக்காரர். தம் உபதேசிமார்க்கு ஆங்கிலிக்கன் முறைப்படி ஆயரே பட்டமளிக்க வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகளைக் குறைகூறி எழுதவும் செய்தார். 1835இல் சங்கத்தினின்று நீக்கப்பட்டார். உபதேசிமார் பலரும் ஊர்ச்சபைகள் பலவும் அவரோடு சென்றன. ஒரே ஊரில் இரண்டு மணி, இரண்டு ஜெபம், ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பக்கம். 1838இல் அவர் மறைந்தபின் பிளவு ஆறியது. 1857இல் நாசரேத்தையொட்டிச் சட்டாம்பிள்ளை என்பார் பிரித்த சபையோ ஆறவில்லை. அவரும் உபதேசியாராய் இருந்தவரே, மிஷனரியோடு பிணங்கியவர், தம் குலத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய சிறுநூலால் மனம் புண்பட்டவர். வெள்ளையர் பணமும் ஆட்சியும் வேண்டா என்று இந்து கிறித்தவச் சபையை நிறுவி, சனிக்கிழமை ஓய்வுநாள், நறும்புகை, நெடுஞ்சாண்கிடை வணக்கம் என வழிபாட்டையே மாற்றி அமைத்தார். ஒப்பிலக்கணத்துக்காகக் கால்டுவெல்லைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நாம், அவர் எழுத்தால் காயம்பட்டவர்களும் இதே மண்ணில் இருந்தனர் என்பதை மறக்கலாகாது.

கவிஞர்க்குரிய மற்றொரு பெயர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக அமர்ந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். கம்பனில் தோய்ந்தவர். அவரும் இறுதிவரை ஆசிரியரே அன்றிக் குரு அல்லர். இரட்சணிய யாத்திரிகம் என்னும் அவர்தம் காப்பியம், பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த சபை இதழாகிய நற்போதகத்தில் தொடர்ந்து வந்து, 1894இல் நூலுருப் பெற்றது. விருத்தப்பாக்களாலான பெருங்காப்பியம் ஒன்றை மாதந்தோறும் படிப்பதற்குச் சபை இதழுக்கு வாசகர் இருந்தனர் என்பதை இன்றைய சிற்றிதழாளர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அக்காப்பியத்தின் மூலநூல் ஜான் பனியனுடையது. பனியன் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி. இங்கிலாந்துத் திருச்சபையின் உரிமம் இன்றி, பட்டமும் இன்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். பட்டமின்றிப் பேசியவனைச் சிறையிலிட்ட அதே சபையின் மடியில், இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பின், பட்டமில்லாத் தமிழாசிரியர் ஒருவர் அவன் கதையைக் கம்பன் நடையில் பாட, சபையின் இதழே அதை வெளியிட்டது. கிருஷ்ணபிள்ளையைக் 'கிறித்தவக் கம்பர்' என்று பாராட்டி நிறுத்திக் கொள்வோர் இந்தத் திருப்பத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்று.

பிடியரிசி பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. உலையில் இடுவதற்கு அரிசியை அளந்தெடுக்கும் பெண், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவாள். ஞாயிறன்று கலயம் ஆலயத்துக்குப் போகும். பணமாகக் கொடுக்க ஏதுமில்லாதவர்க்கு இது வழி. ஆண்மகன் கையிலிருந்த காசுக்கு அவன் பொறுப்பு. அரிசிப் பானைக்கோ பெண்ணே தலைவி. ஆகவே குடும்பத்தின் காணிக்கையில் அவள் தானே முடிவுசெய்து கொடுத்த பங்கு இதுவாயிற்று. இத்தகைய சிறு காணிக்கைகளின் பலத்தில்தான் 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் எழுந்தது. நம்மவர் பணம், நம்மவர் ஆள், நம்மவர் நிருவாகம் என்பதே அதன் கொள்கை. முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா, அப்போது அவர்க்கு வயது இருபத்தெட்டு, பட்டம் பெறாதவர். தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்குத் தமிழர்கள் சென்று, தெலுங்கு கற்றுத் தொண்டு செய்தனர். அசரியா தாமே 1909இல் பட்டம் பெற்று அங்கே சென்றார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரானார்.

இடையில் 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு அவையை நெளியச் செய்தது. நீங்கள் எங்களுக்காகப் பொருளையும் உடலையும் தந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் நாங்கள் கேட்பது நட்பு என்பது அதன் சாரம். வெள்ளையரும் இந்தியரும் ஒரே ஆலயத்தில் வழிபட்டும், ஒரே மேசையில் உண்ணத் தயங்கிய காலம் அது. ஐக்கியம் என்ற சபைச்சொல்லை அசரியா நட்பு என்று பெயர்த்ததாகவே நான் கொள்கிறேன். குறளில் ஓர் அதிகாரமே பெற்ற சொல் அது.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, நெல்லையின் ஆங்கிலிக்கன் சபைகள் ஏனைய சபைகளோடு அதில் இணைந்தன. 1950இல் வெளிவந்த புதிய நற்கருணை முறையில், சமாதான வாழ்த்தைச் சபையார் ஒருவர்க்கொருவர் கைவழியே கடத்தும் பழக்கம் சேர்க்கப்பட்டது. கிழக்கத்திய சிரியன் மரபிலிருந்து வந்த அது பின்னர் மேலைநாட்டுச் சபைகளுக்கும் பரவியது.

நம் வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சாஸ்திரியாரும் கிருஷ்ணபிள்ளையும் அச்சேறிவிட்டனர். ஆனால் ஊர்தோறும் அசனத்துக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் பாட்டுக் கட்டிய உபதேசிமார் அச்சேறவில்லை. அவர்தம் கையெழுத்து நோட்டுகள் பழைய டிரங்குப் பெட்டிகளின் அடியில், ஞானஸ்நானச் சீட்டுகளோடும் பனைவரி இரசீதுகளோடும் கிடக்கக்கூடும். விடுமுறைக்கு நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கம் செல்லும் அன்பர்கள், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, முதிய பெண்மணிகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நோட்டு அழிந்திருந்தாலும் பாட்டு அவர்கள் வாயில் இருக்கும். இராகம் எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பாடிக் காட்டுவார்கள்.